பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்

ஜூன் 10, திங்கள்

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தவனை இன்று ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கவைத்தார்கள். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

டாக்டர் வேறு யாருமில்லை, கனகசபாபதி. பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நான் நடத்தும் பி.டி. பீரியட் வந்தாலே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். புத்தகத்தோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். இன்று அவன் நாற்காலியில், நான் ஸ்டூலில். போன வாரம் ஊசி போட்டு எடுத்த சதைக்கு ரிப்போர்ட் வந்திருந்தது. புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றான். சொன்ன கையோடு தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"சார், பயப்படாதீங்க. இது ஆரம்ப நிலை. ரொம்ப மெதுவா வளருற வகை. இப்ப ஆபரேஷன் வேண்டாம், ரேடியேஷன் கரண்டும் வைக்க வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தத்துல பி.எஸ்.ஏ.ங்கிற அளவு பாப்போம். ஏறாம இருந்தா இப்படியே கவனிச்சிட்டு இருக்கலாம். ஏறிச்சின்னா யோசிக்கணும்."

இப்போது என் அளவு ஆறரை. உடனே கத்தி இல்லை என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. "சும்மா காத்துக்கிட்டு இருக்காதீங்க சார். தினம் நடங்க, உடம்ப அசைங்க. அது நோயை விரட்டிரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நெஞ்சுக்கு நல்லது, மனசுக்கு நல்லது. நாளைக்கு வைத்தியம் தேவைப்பட்டாலும் தாங்குற உடம்பு வேணும்லா?" என்றான். உடற்பயிற்சியைப் பற்றி எனக்கு. சொல்வது யார், வயிற்றுவலிக்காரன்.

"ரத்தம் குடுக்க வாரதுக்கு முந்தின ரெண்டு நாளு மட்டும்..." என்று மேலும் ஏதோ ஆரம்பித்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். "சபாபதி, மண்டலப் போட்டிக்குப் பிள்ளைகளத் தயார் பண்ணியே முடி நரைச்சவன் நான். எனக்கே சொல்லித் தாரியா?" என்றேன். சிரித்துவிட்டான். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

காகிதங்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். கெட்டித் துணி. நீல எழுத்தில் என்னவோ அச்சடித்திருக்கிறது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். காகிதங்களைப் பரணில் பழைய வாலிபால் வலைக்கட்டுக்குள் செருகி வைத்தேன். மார்க்கெட்டுக்கு ஆகும் என்று பையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன்.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்று என் மனைவி வடிவு கேட்டாள். "லேசா சுகராம். நடக்கச் சொல்லுதான்" என்றேன். அவளுடைய அண்ணன் வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்தவர். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குக் கைகால் ஓடாது. மூன்று மாதம் போகட்டும். ரத்தம் நன்றாக இருக்கிறது என்று வந்த பிறகு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 11, செவ்வாய்

காபியில் சர்க்கரை இல்லை. கஷாயம் தோற்றது. என்ன பொய் சொல்வது என்பதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இரவில் பலமுறை எழுந்து போக வேண்டியிருக்கிறது. அவள் தூக்கம் கெட வேண்டாம் என்று என் கட்டிலை மட்டும் பிரித்து ஹாலில் கொண்டுவந்து போட்டுக்கொண்டேன். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

ஜூன் 12, புதன்

வெண்டைக்காய், கத்திரிக்காய், தக்காளி. புதுப் பை நன்றாகத் தாங்கியது.

மதியம் வடிவுக்குக் கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு வெங்காயம் உரித்தேன் என்றாள். சாப்பாட்டில் வெங்காயம் எதிலும் இல்லை. தயிர்ப்பச்சடி வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

காலையில் மைதானத்துக்குப் போனேன். மசூது பாய் வந்திருந்தார். அன்று ஆஸ்பத்திரியில் எனக்கு முந்தின டோக்கன் அவர். மேலப்பாளையத்தில் துணிக்கடை. அதே வியாதி, அதே ஆரம்ப நிலை. சபாபதி அவருக்கும் நடக்கத்தான் சொல்லியிருக்கிறான். கைலியும் தோல் செருப்புமாக வந்து நின்றார். "இதென்ன பாய், கல்யாண வீட்டுக்கா வந்திய?" என்று கேட்டு, விசிலை எடுத்து ஊதினேன்.

பழைய வேகத்தில் புறப்பட்டேன். இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. பாய் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார். முப்பத்திரண்டு வருடமாக ஓடு ஓடு என்று சொன்னேனே தவிர, நான் ஓடியதேயில்லை என்பது இன்றுதான் மண்டையில் ஏறியது.

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, "வீட்டுல சொல்லியாச்சா சார்வாள்?" என்றார்.

"நேரம் வரட்டும் பாய்."

"நான் அன்னைக்கே சொல்லிட்டேன். ரெண்டு நாளு அழுதா. மூணாம் நாளு, ஏன் இன்னும் படுத்துக் கெடக்கிய, டாக்டரு நடக்கத்தான சொன்னாருன்னு வெரட்டுதா. இல்லேன்னா நான் ஏன் இங்க வாரேன்?"

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேரோட்டம். வருடம் தவறாமல் வடம் பிடித்து இழுத்தவன், இன்று ஓரமாக நின்று பார்த்தேன். உடம்புக்குள் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கண்ணாடிச் சாமான் நிறைந்த தலைச்சுமையைப் போல என்னை நானே தூக்கிக்கொண்டு நடக்கிறேன். "வடத்தத் தொடலியா?" என்றாள் வடிவு. "சுகர்லா" என்றேன். "சுகருக்கு வடம் பிடிக்கக் கூடாதுன்னு எந்த டாக்டரு சொன்னாரு?" என்று என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். போய் இழுத்தேன். தேர் நகர்ந்தது. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 15, திங்கள்

இப்போது பாயும் நானும் மூச்சு வாங்காமல் நடக்கிறோம். நடை முடிந்ததும் கைக்கு ஒரு செங்கல் வைத்துத் தூக்குவது, பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. பாய் கணக்கில் ஏமாற்றுகிறார். கையும் களவுமாகப் பிடித்து விசில் ஊதினேன். "நோயாளியப் போட்டு இந்தப் பாடு படுத்துதீரே வே" என்று புலம்பினார். சார்வாள் போய் வே வந்துவிட்டது. இனி அவர் சிநேகிதர்தான்.

பாய் போன வாரம் சபாபதியைத் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒருவேளை ஆபரேஷன் என்று வந்தால் பிறகு ஆண் பெண் உறவு எப்படியிருக்கும் என்று நேராகவே கேட்டுவிட்டாராம். சிலருக்குக் கஷ்டமாகிவிடும், சிலருக்கு மெதுவாகத் திரும்பும், கொஞ்ச காலம் சிறுநீர் கசியலாம் என்றானாம். நான் இதையெல்லாம் கேட்கவில்லை. என்னிடம் படித்த பையனிடம் எப்படிக் கேட்பது. இந்த வயதில் எனக்கு அதைப் பற்றி என்ன கவலை. பாய் சொன்னார், காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இன்று இரண்டு சுற்று கூடுதலாக நடந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

முருங்கைக்காய் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. காய்க்காரி பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?" என்று ரொம்ப அன்பாக விசாரித்தாள். ஒரு கொத்து கறிவேப்பிலை கூடவே வைத்தாள். நடப்பதால் முகத்தில் தெளிவு வந்திருக்கிறது போல.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. திரும்பி வந்த உற்சாகத்தில் ஷெட்டிலிருந்து பழைய சைக்கிளை வெளியே எடுத்தேன். டயர் மாற்றி, எண்ணெய் போட்டு, முருகன்குறிச்சி வரை ஒரு மிதி. சீட்டுதான் கல்லாக இருக்கிறது. வடிவு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாளை ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டிக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கடைசிப் பயிற்சி கொடுப்பது என் வழக்கம். அதையே எனக்கும் வைத்துக்கொண்டேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் கிருஷ்ணாபுரம் வரை சைக்கிள். இன்று அதையும் தாண்டிச் செய்துங்கநல்லூர். திருச்செந்தூர் ரோட்டில் எதிர்காற்று. பிடித்து மிதித்தேன். உட்காரும் இடமெல்லாம் எரிகிறது. ஆனால் சபாபதி நாளை மூக்கில் விரலை வைக்கப்போகிறான்.

பாயைக் கூப்பிட்டேன். சைக்கிள் மிதித்தால் கைலி செயினில் மாட்டும் என்று வரவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒன்பதைத் தொட்டுவிட்டது.

லேப்பிலிருந்து போனில் வந்தது. முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். பெயர் ஆறுமுகநயினார், வயது அறுபத்து மூன்று. என்னுடையதுதான். பாய்க்குக் குறைந்திருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்து நடந்த ஆள் பாஸ், நான் பெயில். அவர் அழாத குறையாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். வடிவு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காபி வந்தது. குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அதில் சர்க்கரை இருந்தது. மறந்து கலந்துவிட்டாள் போலிருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

சபாபதி காகிதத்தை இரண்டு தடவை படித்தான். ஸ்கேன் எடுக்கணும், திரும்ப ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், ஆபரேஷன் பற்றியும் பேச வேண்டி வரலாம் என்றான்.

"நான் ஒரு குறையும் வைக்கல சபாபதி. நடந்தேன், செங்கல் தூக்கினேன். கடைசி மூணு நாளும் சைக்கிள் வேற. முந்தின நாளு செய்துங்கநல்லூர் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

பேனாவைக் கீழே வைத்தான். "என்னது, சைக்கிளா? முந்தின நாளா?"

"ஆமா. கடைசிப் பயிற்சி."

"சார், அன்னைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். சைக்கிள் சீட்டு அந்த இடத்துலதான் போய் அழுத்தும். ரத்தத்துல அளவு தற்காலிகமா கூடலாம். முந்தின ரெண்டு நாளு சைக்கிள் தொடாதீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், நீங்க கையைக் காட்டிட்டீங்க." பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்ணும் கேக்கணும். ரெண்டு நாளுக்குள்ள... வீட்டுல... அம்மாகூட..." என்று இழுத்தான். காது சிவந்துவிட்டது அவனுக்கு. "சீலிங்கப் பார்த்துக் கேளுடே" என்றேன். சீலிங்கைப் பார்த்துக் கேட்டான். அதுவும் அளவைக் கூட்டுமாம், அதுவும் ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்னால் கூடாதாம். இல்லை என்றேன். ஜூன் மாதத்திலிருந்தே கட்டில் ஹாலில் இருக்கிறது என்பதை அவனிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

"சைக்கிள்தான் காரணம்னு நான் இப்ப சொல்ல மாட்டேன் சார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆறு வாரம் கழிச்சுத் திரும்பப் பாப்போம். அதுல தெரிஞ்சிரும்." வெளியே வரும்போது எழுந்து கதவைத் திறந்துவிட்டான்.

செப்டம்பர் 12, வியாழன்

பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

பத்து நாளாக மைதானத்துப் பக்கம் போகவில்லை. என்ன செய்து என்ன. பாய் போன் செய்துகொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

இன்று காலை வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எந்திரிங்க. நானும் வாரேன்."

"கால் வலிக்கி."

"எந்தக் கால்?"

யோசிப்பதற்குள் வேட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். மைதானத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தாள். பாய் எங்களைப் பார்த்ததும் விசில் ஊதுவது போல் விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது சுற்றில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "பேசாம நடங்க. மூச்சு வாங்குதுல்லா" என்றாள்.

அவள் கையை எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. மைதானத்தில் எங்கள் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

திங்கள்கிழமை ரத்தம். சைக்கிளைப் பூட்டி, சாவியைப் பாய் வீட்டில் கொடுத்துவிட்டேன். நாளைக்கே ஆசை வந்து கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "காலில் விழுந்தாலும் தரமாட்டேன் வே" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

நடை மட்டும், மெதுவாக. பிறகு வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக் கொடுத்தேன். போட்டிக்கு முந்தின நாள் சும்மா இருப்பதைவிடக் கஷ்டம் எதுவுமில்லை. ஆபரேஷன் என்று சொன்னால் சரி என்று படுத்துக்கொள்ள வேண்டியதுதான். உயிர் முக்கியம். ஆனால் எனக்கு வேண்டாம். இப்படியே இருக்க வேண்டும், இவளோடு, இந்த உடம்போடு. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்னும் வரவில்லை.

அக்டோபர் 23, புதன்

ஆறு புள்ளி மூன்று.

முதலில் இருந்ததைவிடக்கூட ஒரு மயிரிழை குறைவு. சபாபதி காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினான். "சார், சைக்கிளேதான். ஸ்கேன் ஒண்ணு எடுத்து வச்சிக்கிடுவோம், அடுத்த வருசம் திரும்ப ஒரு தடவை சதை எடுத்துப் பாப்போம். ஆனா இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேண்டாம். நடந்துக்கிட்டே இருங்க. சைக்கிளும் ஓட்டலாம், அந்த ரெண்டு நாளு மட்டும் வேண்டாம்." நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விடத் தோன்றவில்லை. "நீ நடக்கியாடே?" என்றேன். "நேரமில்ல சார்" என்றான். பழைய வயிற்றுவலி முகம். ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு வா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே பாய் காத்திருந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, நடுவழியில் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் அழுவதைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர் துக்கச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தோம்.

வீட்டுக்கு வந்தேன். வடிவு அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும். எனக்கு இருக்கது சுகர் இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

தலையை நிமிர்த்தாமல் ஆணியில் தொங்கிய பையை நோக்கித் தாடையை அசைத்தாள். எடுத்துவந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ‘புராஸ்டேட் புற்றுநோய்: ஆண்களே, அஞ்ச வேண்டாம்.’ கீழே ஆஸ்பத்திரியின் பெயர். இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தது.

"நாலு மாசமா காய்கறி இதுலதான வாங்கிட்டு வாரிய. எனக்கு மட்டுமா தெரியும், தெருவுக்கே தெரியும். காய்க்காரி என்கிட்ட எத்தன தடவ கேட்டுட்டா."

"அப்ப அந்தக் காபி?"

"மொத நாளு நெசமாவே சுகர்னு நெனச்சு. ரெண்டாம் நாள்ல இருந்து, பொய் சொன்னதுக்கு."

"செப்டம்பர்ல ஒரு நாளு இனிச்சுதே."

கீரைக் காம்பைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தமுறை வெங்காயம் என்று சொல்லவில்லை. ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீங்க என்னையத் தேத்துததுக்கு வீட்டோட உக்காந்திருப்பிய. நீங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்திய, செங்கல் தூக்கிக்கிட்டு இருந்திய. அதக் கெடுக்கவான்னு விட்டுட்டேன். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ஆனா அந்த ஒரு நாளு முகத்தப் பாத்து எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறரை, ஒன்பது, சைக்கிள், ஆறு புள்ளி மூன்று. சபாபதி சீலிங்கைப் பார்த்துக் கேட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கீரை மடியிலிருந்து சிந்தியது.

காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு கரண்டி சர்க்கரை.

அதன் பிறகு ஹாலில் கிடந்த கட்டிலை உள்ளே இழுத்தேன். கதவு நிலையில் இடித்தது. அவள் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கட்டிலோடு சேர்த்துப் போட்டோம்.

"அடுத்த ரத்தம் எப்ப?" என்றாள்.

"ஜனவரில."

தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்ப அதுக்கு முந்தின ரெண்டு நாளு மட்டும் கட்டில ஹால்ல போட்டுக்கிடுங்க."